அண்ணன் இறங்கிய ஆட்டம்

என் பெரியப்பா மகன் இந்திய அணிக்காகக் கால்பந்து ஆடியவர். இலங்கையில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். நீலகிரியில் வளர்ந்து கல்கத்தாவில் ஆடினார். கோல் போடுகிறவர் இல்லை. நடுவில் நின்று, எதிரணி கொண்டுவரும் பந்தைப் பறித்து முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஆட்டம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருப்பாராம். பழைய பத்திரிகைப் படங்களில் பெரும்பாலும் அவர் முதுகுதான் தெரியும்.

போன வருஷம், பிறந்த இடத்தைப் பார்க்க வந்தார். அறுபது தாண்டிவிட்டது. பண்டாரவளை ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கும்போதே கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மெதுவாக ஊன்றினார். முழங்கால் சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

நான் டீச்சர். அண்ணனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "நெசமாவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு மற்ற டீச்சர்கள் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் கால்பந்து ஆட்டம். அண்ணனுக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என்னோடு வேலை செய்கிறவர்களும் வந்திருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் எறங்கி நில்லுங்க. சனம் பாக்கட்டும்."

"கால் கேக்காதும்மா."

"ஓட வேணாண்ணே. நின்னா போதும்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, யாரிடமோ சப்பாத்து வாங்கிக் காலில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

முதலில் நின்றார். ஒரு இளைஞன் பந்தோடு அவரைத் தாண்டிப் போனதும் அவரால் நிற்க முடியவில்லை. துரத்திப் போய், உடம்பில் படாமல் பந்தை மட்டும் எடுத்தார். சனம் கத்தியது. எல்லாரையும்விட நான்தான் பலமாகக் கை தட்டினேன். சொன்ன நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் நொண்டுவது தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற டீச்சர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

இன்னொரு பந்துக்குத் திரும்பினவர் அப்படியே சேற்றில் விழுந்தார். எழும்பவில்லை.

வேனில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். யாழ்ப்பாணத்து டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தக் காலோட இவரை ஆர் விளையாட விட்டது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். "நானாத்தான் ஆசப்பட்டு எறங்கினேன் டாக்டர்" என்றார் அண்ணன்.

இந்தியாவில் இருந்த அண்ணியிடமும் அதையேதான் போனில் சொன்னார். பிறகு அண்ணி என்னோடு பேசினார். "அவரு அப்படித்தாம்மா, சொன்னா கேக்கமாட்டாரு. ஒனக்குத்தான் வீண் செரமம்."

"பரவால்லங்க அண்ணி" என்றேன். அதுதான் என்னை இன்றுவரை அறுக்கிறது.

ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். பேசும்போதெல்லாம் அன்றைக்குப் பறித்த அந்த ஒரு பந்தைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்வார். அண்ணனைப் பார்த்துக்கொண்டதற்காக என்று, அண்ணி ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் எனக்கு ஒரு சேலை கொடுத்தனுப்பினார். நான் அதை இன்னும் கட்டவில்லை. ஒவ்வொரு தடவையும், இறங்கச் சொன்னது நான்தான் என்பதைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனை எடுக்கிறேன். "சாப்பிட்டியாம்மா?" என்று அண்ணி கேட்கிறார். சாப்பிட்டேன் என்கிறேன்.