மூன்றடுக்குப் பெட்டி

ஏஞ்சலினுக்குப் பெரிய சாமான்களைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்துக்கு வந்த கட்டிலையே ஒரு சாண் அறுத்துப் போட்டவள் என்று அவள் புருஷன் கிளெமென்ட் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பாலிடெக்னிக் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் சில வருஷம் குப்பை கொட்டியவள், திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்து நாகல் நகரில் ஒரு மாடி அறையைப் பிடித்தாள். அங்கே உட்கார்ந்துதான் அந்த மூன்றடுக்குப் பெட்டியை வரைந்தாள்.

அவளிடம் வருகிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரை வைத்துச் சோறு தின்கிறவர்கள். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறவர்கள், ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், வீட்டுக்குப் பிளான் வரைகிறவர்கள். ஆளுக்கொரு புறாக்கூண்டுக் கடை. மேசைக்கடியில் பெரிய சிபியு ஒன்று கால் நீட்ட விடாமல் நிற்கும். அதற்குள் தூசியும் பல்லியும் குடித்தனம் நடத்தும். ஏஞ்சலின் ஒவ்வொரு கடைக்கும் போய் அரைநாள் சும்மா உட்கார்ந்திருப்பாள். எவன் எந்தப் பக்கம் கழுத்தைத் திருப்புகிறான், எவனுக்கு முட்டி இடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். டீ குடிக்க வந்த ஆள் மாதிரி இருந்துவிட்டு அளவெடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று அவளைக் கேலி பேசுவார்கள்.

அப்படிப் பிறந்த பெட்டி அது. டிபன் கேரியர் மாதிரி மூன்று அடுக்கு. அடியில் கரண்டு, நடுவில் மூளை, மேலே படங்கள் இருக்கிற டிஸ்க். பக்கத்தில் ஒரே ஒரு கொண்டி. அதைத் தூக்கினால் மூன்றும் தனித்தனியாகக் கையோடு வந்துவிடும். எது கெட்டதோ அதை மட்டும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் போதும். பீரோ பட்டறையில் தகரம் வளைத்து, பீரோவுக்கு அடிக்கிற அதே பச்சைப் பெயின்ட் அடித்து வாங்கினாள். மேசை ஓரத்தில் வைத்தால் இருப்பதே தெரியாது. திறந்து பார்த்தால் ஒரு ஸ்க்ரூ கண்ணில் படாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. வாங்குகிறவர்களிடம் ஒன்றை மட்டும் படித்துப் படித்துச் சொல்வாள்: "பயப்படாமத் திறங்க. அடிக்கடி திறந்து தூசி தட்டுங்க."

வடமதுரை பிரபுதான் அந்தப் பெட்டியை முதலில் வாங்கியவன். ஆல்பம் டிசைனில் கெட்டிக்காரன். அவன் மனைவி புவனேஸ்வரி, கல்யாண வீட்டார் கேட்கிற படங்களைப் பொறுக்கிக் கொடுப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் கிடைத்ததே இந்தப் பெட்டியால்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, ஏஞ்சலினுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

விஜயதசமி அன்று காலை, குளித்த ஈரத்தோடு கடைக்குள் போய், சாமி கும்பிட்டுவிட்டுப் பிரபு பெட்டிக்குச் சுவிட்சைப் போட்டான். தகரத்தில் கை வைத்தவன் வைத்தபடியே போய்விட்டான்.

கடையில் எர்த் இல்லை என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். சுவர்ப் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருந்தது. நம் ஊரில் பாதிக் கடைகளின் கதை அதுதான். அது ஏஞ்சலினுக்கும் தெரியும். பிரபுவின் சாவு எடுப்புக்குப் போய்விட்டு வந்தவள் அந்த மூன்றாவது ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள். கட்டின பாவிகள் வயரைச் சரியாக இழுத்திருந்தால் என்று யாரையோ திட்டுவதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதி புவனேஸ்வரி போன் செய்கிற வரைதான்.

"அக்கா, அந்த மேல் அடுக்கு மட்டும் தனியா வேலை செய்யுமா? ஊராரு வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் அதுலதான் கெடக்கு. நான் போறதுக்குள்ள எடுத்துக் குடுத்துரணும்."

"எங்க போற?"

"பதினாறு முடிஞ்சதும் வத்தலக்குண்டுக்கு, எங்கம்மா வீட்டுக்கு. பாப்பா இங்கயே இருக்கட்டும்னு மாமா சொல்லிட்டாரு. புருஷனக் கொன்ன கையி புள்ளைய வளக்க வேணாமாம்."

"நீ என்ன பண்ணுன?"

"ஆயுத பூசைக்குத் தொடைச்சேன்க்கா. வண்டி, கேமரா ஸ்டாண்டு எல்லாம் கழுவுனேன்ல, இதை மட்டும் எப்படி அழுக்கா விடுறது? நீங்கதான திறந்து திறந்து தொடைக்கச் சொல்லுவீங்க. மூணு அடுக்கையும் கழட்டி, ஈரத்துணி போட்டு மூலை முடுக்கெல்லாம் தொடைச்சு, உள்ளாற சந்தனம் வச்சு, குங்குமம் வச்சேன். செத்த நேரம் வெயில்லயும் வச்சேன். காஞ்சிருச்சுன்னுதான் நினைச்சேன்."

சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டில் பிறந்த ஏஞ்சலினுக்கு ஆயுத பூஜை என்றால் கடைக்கு லீவு, பக்கத்து வீட்டுப் பொரிகடலை. தெருவே ஆயுதங்களைக் கழுவிப் பொட்டு வைப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள்தான். தான் செய்த பெட்டியும் ஒருத்தருக்கு ஆயுதம் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. அரைநாள் உட்கார்ந்து அளவெடுத்தவளுக்கு இது எட்டவில்லை பாருங்கள்.

அடி அடுக்கில் கரண்டுப் பலகை அப்பட்டமாக உட்கார்ந்திருக்கும். கடையில் வாங்கும்போது அதற்கென்று ஒரு தகரக் கூடு இருக்கும். இடத்தை அடைக்கிறது என்று ஏஞ்சலின்தான் அதைக் கழற்றிப் போட்டாள். அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய மூடி, ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்குகிற மாதிரி, முதலில் வரைந்திருந்தாள். பிறகு பெட்டி உயரமாகத் தெரிகிறதே என்று அதையும் எடுத்துவிட்டாள். அந்தப் பலகையில்தான் புவனேஸ்வரி சந்தனம் வைத்திருக்கிறாள். உள்ளே காயாத அந்த ஈரம் கரண்டைத் தகரத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

கிளெமென்டிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தான்.

"எர்த் இல்லைன்னு முடிஞ்சு போச்சு. நீயாப் போயி எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கிற? நாளப்பின்ன ஒருத்தன் உங்கிட்டப் பொட்டி வாங்குவானா?"

"வாங்க வேணாம். குடுத்ததையே திருப்பி வாங்கப் போறேன். நான் சொல்லலேன்னா தாயையும் புள்ளையையும் பிரிச்சிருவாங்க."

காரியத்துக்கு முன்னாலேயே அவள் வடமதுரைக்குப் போனாள். பிரபுவின் அப்பா பெரியகருப்பன் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். மகன் போனதிலிருந்து தோட்டத்துப் பக்கமே போகாதவர். புவனேஸ்வரி கதவோரம் மகளை மடியில் வைத்திருந்தாள். ஏஞ்சலின் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஐயா, உங்க மருமக மேல தப்பில்ல. கரண்டு இருக்கிற எடத்துக்கு ஒரு மூடி போட்டிருக்கணும். நான் போடல. யாரு வேணா திறக்கலாம்னு சொல்லியும் குடுத்தேன். நான் சொன்னபடிதான் அது செஞ்சிருக்கு."

பெரியகருப்பன் சேரிலிருந்து முன்னால் சாய்ந்தார். "மூடி போட்டிருந்தா?"

"இந்தப் புள்ள கை அங்க போயிருக்காது."

"எம்மகன் இருந்திருப்பான்."

"ஆமாங்கய்யா."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, மருமகள் பக்கம் திரும்பாமலே, "நீ எங்கயும் போக வேணாம். புள்ளையோட இங்கயே இரு" என்றார். ஏஞ்சலினிடம், "நீ போயிரு ஆத்தா. இந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி கூடக் குடிக்காத. போயிரு" என்றார்.

அதைக் கேட்கத்தான் வந்தவள் போல ஏஞ்சலின் எழுந்தாள். தெருவுக்கு இறங்கியபோது பின்னால் புவனேஸ்வரி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று ஏஞ்சலின் நினைத்தாள். நினைத்ததற்காக அப்புறம் வெகுநாள் வெட்கப்பட்டாள்.

"அக்கா, அந்த மூடியப் போட்டிருந்தா பொட்டி எம்புட்டு உசரம் கூடியிருக்கும்?"

ஏஞ்சலின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அரை இஞ்சு விலக்கிக் காட்டினாள்.

புவனேஸ்வரி அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா? அவரு மேசையில அம்புட்டு எடம் இருந்துச்சேக்கா" என்றாள்.