ஒட்டிக்கொண்ட அட்டை

அலுவலகத்தில் என் மனைவிக்கு அட்டை என்று பட்டப்பெயர். அட்டை எழுதி ஒட்டுகிறவள் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒட்டினால் விடமாட்டாள் என்பதால்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை, எனக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு.

தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவு அவளுடையது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டுவாள். கை பழகப் பழக அட்டையில் வரிகள் குறையும், கடைசியில் அட்டையே போய்விடும். "கட்டடத்துக்குச் சாரம் கட்டறது பெரிசில்லை, பிரிக்கறதுதான் வேலை" என்று அடிக்கடி சொல்வாள். எங்கள் வாஷிங் மிஷின் அட்டையை மட்டும் இத்தனை வருஷமாக எடுக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவள் தம்பி எங்களோடு இருக்கிறான். சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அவன் எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வான். முப்பதை நெருங்கும்போது ஒரு ஹோட்டலில் படுக்கைவிரிப்பு மடிக்கும் வேலை கிடைத்தது. முதல் மாதம் சோதனைக் காலம். தனியாகப் பஸ்ஸில் வந்து போக வேண்டும், கூட ஆள் வந்தால் வேலை கிடையாது என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மச்சான் அந்த வேலைக்காக முடிகூட வெட்டிக்கொண்டான். இல்லாவிட்டால் அவன் தலையில் கை வைக்க யாராலும் முடியாது.

இவள் அட்டை எழுதினாள். எந்த பஸ், எந்தப் பக்கம் உட்காருவது, எல்லாம் இருந்தது. கடைசி வரி: பாலம் வந்ததும் எழுந்து நில்.

முதல் நாள் பாலம் வந்தது. எழுந்து நின்றான். ஹோட்டல் வந்தது, நின்றான். போனது, நின்றான். பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய் இன்ஜினை அணைத்தபோதும் அட்டையில் சொன்னபடியே நின்றுகொண்டிருந்தான். பின்சீட்டில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அவன் அக்காவும் கூடவே போய்ச் சேர்ந்தாள். கற்கிறவர் தவறும்போது குறுக்கே பேசக் கூடாதாம்!

"அவன்மேல தப்பில்லைங்க. இறங்குன்னு நான் எழுதவே இல்லை" என்றாள். நான் சிரித்ததற்கு அன்று ராத்திரி வரை என்னிடம் பேசவில்லை.

அட்டை திருந்தியது. பிறகு வரிகள் குறைந்தன. ஒருநாள் அட்டையே இல்லாமல் சரியான இடத்தில் இறங்கினான். ஆனால் பின்சீட்டும் தலைத்துணியும் மட்டும் மாறவில்லை, அவன் உள்ளே போகும்வரை ஹோட்டல் வாசலிலும் நிற்பாள். "அவன்தான் கத்துக்கிட்டானே, இன்னும் ஏன் போறே?" என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு நாள்" என்றாள். அவள் கணக்கில் ரெண்டு நாள் என்றால் அதற்கு முடிவே கிடையாது.

மாதம் முடியப்போகும் சமயம் ஒரு சாயங்காலம் மச்சான் உம்மென்று வந்தான். அக்காவிடம் பேசாமல் என்னிடம் வந்து நின்றான்.

"மாமா, வாசல்ல தினம் ஒருத்தி நிக்கறாளே, யாருன்னு மேடம் கேட்டாங்க. கூட ஆள் வந்தா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னுட்டேன். எனக்குப் பொய் சொல்லப் பிடிக்கலை மாமா."

சமையலறையில் இவள் கை அப்படியே நின்றது. கேட்டுவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு கோபத்தையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப் போய்விட்டான். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடப்போன இவள் கதவருகே நின்றுவிட்டாள். கதவின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அவனுடைய பெரிய பெரிய எழுத்து.

அக்கா
1. உட்கார்
2. டீ குடி
3. வராதே

வரிவரியாகப் படித்தாள். "ஒரு வரிக்கு ஒரு வேலைதான் எழுதியிருக்கான். சுத்தமா இருக்கு" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் தனியாகப் போகும் பஸ்ஸை நினைத்து அழுதாளா, இனி அவள் ஏற வேண்டாத பஸ்ஸை நினைத்தா, நான் கேட்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். டீயைக் குடித்தாள். போகவில்லை.