நான் கழற்றிய எர்த் வயர்

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். வீட்டுக் குளியலறை ஷவருக்கு நானே பம்பு மாட்டினேன். அதைப் போடும்போதெல்லாம், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் டிரிப்பர் விழுந்தது. எர்த் வயரைக் கழற்றினேன், அதன்பின் விழவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

"ஏங்க, குழாயத் தொட்டா சுர்ருங்குது" என்றாள் மனைவி.

"எல்லாம் உன் பிரமை" என்று எரிந்து விழுந்தேன்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு, என்னைக் கேட்காமலே அவள் தேங்காய்த்திட்டிலிருந்து எலக்ட்ரீசியனை வரவழைத்தாள்.

"எந்த முட்டாள் சார் எர்த்தைப் புடுங்குனது?"

"நான்தான்யா. எனக்கே கரண்ட் பாடம் எடுக்குறியா? வெளிய போ!"

"போறேன் சார்." அவர் பம்பைப் போட்டு, குழாயில் டெஸ்டரை வைத்தார். அது பளிச்சென்று எரிந்தது. "அம்மாகிட்ட பிரமைன்னீங்களாமே? எங்க, நீங்க தொடுங்க பாக்கலாம்."

என் கை எழவில்லை. மனைவி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் அந்தக் குழாயை ஈரக் கையால் திறந்தவள் அவள்.

மின்கசிவு இருந்த பம்பை எடுத்துவிட்டு, வேறொன்றை எர்த்தோடு அவரே பொருத்திக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஷவர் இப்போது பத்திரமானதுதான். ஆனாலும் அவள் வாளியில் மொண்டுதான் குளிக்கிறாள். பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.