இரண்டாவது சுற்று

பெரு நாட்டுக்கு யார் ஜனாதிபதி ஆனால் பாம்பனில் இருக்கிற எனக்கென்ன என்றுதான் இருந்தேன். என் வீட்டுக்காரர் அந்த நாட்டுக் கரையோரம் ஓடும் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். அவருக்குப் பதிலாகக் கப்பலேற வேண்டியவன் அந்த ஊர்க்காரன். தேர்தலில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதமாம். மலைமேல் இருக்கும் தன் ஊருக்குப் போய்ப் போட்டுவிட்டுத்தான் வருவேன் என்று நின்றுவிட்டான். இங்கே எங்கள் பிள்ளை தவழவே ஆரம்பித்துவிட்டான், அப்பா முகத்தைப் போனில்தான் பார்த்திருக்கிறான். அவர் வராமல் ஞானஸ்நானம் கிடையாது என்று நானும் ஒற்றைக் காலில் நின்றேன்.

என் மாமனாருக்கு ஓட்டு எண்ணுகிற நாள் என்றால் கிறிஸ்துமஸ் மாதிரி. அன்று காலை மகன் போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

"அய்யா, ரெண்டாவது சுத்துக்குப் போயிருச்சு."

அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது. "நம்மூர்ல இருபது சுத்து எண்ணுவான். அங்கன ரெண்டே சுத்துதான் போல. மத்தியானம் முடிஞ்சிரும்!" என்று மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், பங்குச் சாமியாரிடம் ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்துவிட்டார். வரும் வழியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? புதுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மறுபடி போன். "எண்ணுற சுத்து இல்ல அய்யா. யாருக்கும் பாதிக்கு மேல விழல. முதல் ரெண்டு பேருக்கு மட்டும் இன்னொரு தேர்தல், ரெண்டு மாசம் கழிச்சு. அவன் அதுக்கும் போட்டுட்டுத்தான் வருவானாம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏலே, ஒரு எலெக்சன ஒரே தடவையில முடிக்கத் தெரியாதா அவனுகளுக்கு?" என்று மாமனார் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். மூன்றாவது சுற்று கிடையாது என்று என் வீட்டுக்காரரைச் சத்தியம் செய்ய வைத்தபிறகுதான் போனை வைத்தேன். அதிலிருந்து மீன் வாங்கப் போனாலும், "ரெண்டாவது சுத்து என்னாச்சு?" என்றுதான் கேட்டார்கள்.

ஒருவழியாக அதுவும் முடிந்தது. பாம்பன் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கினார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான், என் கையிலிருந்த போனைப் பார்த்தான், திரும்ப அவரைப் பார்த்து மூக்கைத் தொட்டான்.

"யாருலே செயிச்சது?" என்றார் மாமனார்.

"தெரியல அய்யா. அவன் கப்பல்ல ஏறுனான், நான் இறங்கிட்டேன்."

மாமனார் மகனை முறைத்தார். பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். அவன் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, வர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.