அக்கா காரின் பெட்ரோல் மூடி

என் பீரோவின் கீழ்த் தட்டில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு பெட்ரோல் டேங்க் மூடி கிடக்கிறது. டூப்ளிகேட். வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்துவிடுவேன். பார்த்ததும் சிதம்பரத்து அக்காவின் ஞாபகம் வரும். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி.

2011இல் அவள் கார் வாங்கினாள். காட்டுமன்னார்கோயிலில் டீச்சர் வேலை. தினமும் தானே ஓட்டிக்கொண்டு போய் வருவாள். பெட்ரோல் பங்கில்கூட இறங்கி மூடியைத் தன் கையால்தான் திருகுவாள். மாமியார் அவளோடுதான் இருந்தார். மாதம் இரண்டு தடவை கடலூர் கண் டாக்டரிடம் அவரை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வருவாள். கடலூரிலேயே இருந்த எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை ஆரம்பித்துவிடுவார்: "பெரியவ லாரிக்காரனையே ஓரங்கட்டிட்டு வந்தா, நீ பாக்கணுமே." நான் முதுநகர் மீன் மார்க்கெட் வரை போய் அவருக்காக வாங்கிவந்து வறுத்த வஞ்சிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அத்தை என் வீட்டில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும், என்னைப் பற்றியும் நாலு பேரிடம் இப்படிச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அக்காவின் காரை இரவல் வாங்கிக்கொண்டு நானும் கணவரும் போனோம். வழியில் பெட்ரோல் போட்டவர் மூடியைக் காரின் மேலே வைத்து மறந்துவிட்டார். நாங்களும் கவனிக்காமல் கிளம்பிவிட்டோம். சிதம்பரம் வந்ததும் மூடி இல்லாததைப் பார்த்த கணவர் ஒரு டூப்ளிகேட் மூடியை வாங்கித் திருகி, எதுவும் சொல்லாமல் காரை ஒப்படைத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் அக்கா போன் செய்தாள். மீட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதாம். ஒரு மெக்கானிக் பிளக்கைச் சுத்தம் செய்தார், இன்னொருவர் ஃபில்டரை மாற்றினார், மூன்றாமவர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். அணைந்த விளக்கு இரண்டே நாளில் மறுபடி எரிந்தது. வேலைக்குப் போகும் வழியில் வீராணம் ஏரிக்கரையில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று பயந்து, மூன்று நாலு வாரம் பார்த்துவிட்டு, காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மெக்கானிக். பேச்சுவாக்கில் கேட்டேன். "டேங்க் மூடி எதாச்சும் மாத்துனாங்களா? மூடி சரியா ஒக்காராம ஆவி கசிஞ்சாலும் அந்த லைட்டு எரியும். நல்ல மூடி போட்டாலும் ஒடனே அணையாது, நாலஞ்சு நாள் ஓட்டணும்" என்றார். கணவரிடம் சொன்னேன். அந்த வாரமே அவர் அந்தப் பங்கில் விசாரித்து, அங்கே எடுத்து வைத்திருந்த ஒரிஜினல் மூடியை வாங்கி வந்து, "குடுத்துடு" என்று என் கையில் தந்தார். நான் கொடுக்கவில்லை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அக்காவின் கார் ஓடாததால் எங்கள் வீட்டிலேயே தங்கினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ்ஸில் வந்தாள். சிதம்பரத்திலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கறுப்புக் கண்ணாடியோடு, பார்வை இன்னும் தெளியாமல் இருந்த அத்தை, கையால் தடவித் தேடி அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பாழாப்போன லைட்டு, எம்புள்ள கால் எப்டி வீங்கிருக்கு பாரு" என்று பிடித்துவிட்டார். இருபது நாளாகச் சொட்டு மருந்து ஊற்றியவள் நான். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அன்றைக்கு எனக்கு மனசு இரங்கியது என்று எழுத ஆசைதான், ஆனால் பொய். இவள் கஷ்டப்பட்டால் அத்தை இவளை இன்னும் அல்லவா தாங்குகிறார் என்ற ஆத்திரத்தில்தான் மூடியைத் திருப்பிவிட முடிவு செய்தேன்.

அத்தையின் புடவைகளை எடுக்கப்போவதாகச் சொல்லிச் சிதம்பரம் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தபோது ஷெட்டுக்குப் போய் மூடியை மாற்றினேன். இறுக்கும்போது டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம். உள்ளே கேட்டிருக்குமோ என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். டூப்ளிகேட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் அவள் ஓட்டினால்தானே விளக்கு அணையும். மறுநாள் போன் செய்தேன்.

"ஓட்டிப் பாருக்கா, ஒண்ணும் ஆவாது."

"நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

"செரி, நீ சொன்னா ஓட்டுறேன்" என்றாள். ஐந்தாம் நாள் விளக்கு அணைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அத்தையை அழைத்துப்போகக் காரிலேயே வந்தாள். அத்தையைப் பின் சீட்டில் உட்காரவைத்து, பங்கு வரைக்கும் வா என்று என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டாள். பெட்ரோல் போட்டதும் இறங்கி மூடியைத் திருகினாள். டிக், டிக், டிக். என் ஜன்னல் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நடுவுல இந்தச் சத்தமே இல்ல. நீ வந்துட்டுப் போன அப்பறம்தான் கேக்குது."

பின் சீட்டிலிருந்து அத்தை, "என்னாடி சொல்றா?" என்றார்.

"ஒண்ணுமில்லத்தை. சின்னவ ஒங்கள நல்லா பாத்துக்கிட்டான்னு சொன்னேன்" என்றாள் அக்கா.

இப்போது எனக்கும் கார் இருக்கிறது. பங்கில் நானே இறங்கி மூன்று சத்தத்தையும் எண்ணித்தான் மூடுகிறேன். அத்தை போய்ச் சேரும்வரை அக்கா இதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்திருப்பேன். பீரோவில் அந்தக் கறுப்பு மூடியைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும். காரைக்கூட விட்டுவிடலாம், அவளுடைய இந்தக் குணத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.