கிரவுண்டைப் பார்க்கச் சொன்னார்

“ஸ்பேனர்ல இருக்க நம்பரப் படிக்கத் தெரிஞ்சாப் போதாதாலே? இவளுக்கு எதுக்கு இங்கிலீஷு பள்ளிக்கூடம்?”

பெரியப்பா இதை அப்பாவிடம் கேட்டபோது நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என் காதில் விழக்கூடாது என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் நான்காம் வகுப்பைத் தாண்டியதில்லை. நான் அப்போது ஐந்தாவது படித்தேன். அதாவது வீட்டிலேயே அதிகம் படித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி அப்பாவின் காலா இருந்தது. ஒரு காரும் அதைச் சுற்றிவர ஓர் ஆளும் மட்டும் கொள்கிற தகரக் கொட்டகை அது. எஞ்சின் வேலை அப்பாவுடையது, பெயின்ட் வேலை பெரியப்பாவுடையது. வருவதெல்லாம் டாக்சியும் ஸ்கூல் வேனும்தான். அங்கேதான் ஒருநாள் அந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சிவப்பு நிறம், இரண்டே கதவு, கூரை என் தோள் உயரத்துக்குத்தான் இருந்தது. அதன் எஞ்சின் செத்துப்போயிருந்தது. சொந்தக்காரர் பாந்த்ராவில் இருக்கும் ஓர் இளைஞர்; அப்பா அவரை சேட் என்பார். அதே மாதிரி இன்னொரு எஞ்சினை அவர் துபாயிலிருந்து மரப்பெட்டியில் வரவழைத்திருந்தார். அவருடைய டிரைவர் எங்கள் சந்துக்காரர். அந்த மனிதரின் பேச்சை நம்பி, சேட் வண்டியை அப்பாவிடம் விட்டார்.

“இது மட்டும் நல்லபடியா ஓடிட்டுன்னா இனிமே இந்த மாதிரி வண்டியாத்தான் வரும், பாத்துக்கோ” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அம்மாதான் சொன்னாள். கார் காலாவை அடைத்துக்கொண்டு நின்றதால் டாக்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போயிருந்தார்கள். “பொறவு பாண்டுப்புக்குத்தான் போவணும்.” பாண்டுப்பில் அப்பாவின் பழைய முதலாளி இருந்தார். சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டுவிட்டு அப்பா வெளியே வந்த இடம் அது.

பழைய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே எடுத்ததும் காரின் முன்பக்கம் பல் பிடுங்கிய வாய் மாதிரி ஆகிவிட்டது. பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. “எஞ்சின் புதுசு. அது உக்காருத எடம் இப்பிடி அழுக்காவா இருக்கும்?” என்று சொல்லி, உள்பக்கம் முழுவதும் வெள்ளிநிற பெயின்ட் அடித்தார். ஒரு முறை அடித்துக் காயவிட்டு, அதன்மேல் இன்னொரு முறை அடித்தார். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி மின்னியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எஞ்சினை விட்டுவிட்டு பெயின்ட்டைத்தான் புகழ்ந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுக்க வருவதாக சேட் சொல்லியிருந்தார். அன்று மதியம் நான் பள்ளிவிட்டு வந்தபோது காலாவில் புது எஞ்சினை மாட்டி முடித்திருந்தார்கள். அப்பா சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. முன்னால் எரிந்த சின்ன விளக்குகள் மங்கிப் போயின. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் ‘டிக்’.

பேட்டரியை மாற்றிப் பார்த்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் தனியாக ஓட்டிப் பார்த்தார். அது சுகமாகச் சுற்றியது. காரில் மாட்டினால் மட்டும் ‘டிக்’. எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. நடுவில் ஆக்ஸிலேட்டர் கேபிளில் கைபட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“சுடுதுண்ணே. ஓடாத வண்டில கேபிள் எப்பிடி சுடும்?”

“சேட்டுக்கு ஒரு போனப் போடு” என்றார் பெரியப்பா.

“போட்டா அடுத்த நிமிஷம் டோ வண்டி வரும். செம்பூர் ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிட்டுப் போயிருவான்.”

எஞ்சின் வந்த மரப்பெட்டியில் அதை விற்றவரின் நம்பர் ஒட்டியிருந்தது. அவருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் வரும் என்று சேட் முன்பே சொல்லியிருந்தார். அப்பா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் டீச்சரிடம் பேசும் இங்கிலீஷ். உள்ளே வரலாமா, வெளியே போகலாமா என்று கேட்பதைத் தாண்டி அதில் அதிகம் கிடையாது. ஆனால் பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். போனை வாங்கி, கார் ஸ்டார்ட் ஆகவில்லை, ‘டிக்’ என்கிறது, கேபிள் சுடுகிறது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அந்த மனிதர் கேட்ட மாத்திரத்தில் கடகடவென்று ஏதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே வாக்கியம். “செக் தி கிரவுண்ட். செக் ஆல் தி கிரவுண்ட்ஸ்.” போன் வைக்கப்பட்டுவிட்டது.

“என்னட்டி சொல்லுதாரு?”

“கிரவுண்டைப் பாக்கச் சொல்லுதாருப்பா.”

“கிரவுண்டா? எந்த கிரவுண்டு?”

எனக்குத் தெரிந்து கிரவுண்ட் என்றால் பள்ளிக்கூட மைதானம். அது இங்கே பொருந்தாது என்பது வரைக்கும் யோசித்தேன். “தரைப்பா. தரையைப் பாக்கணுமாம். எல்லாத் தரையையும்.”

அப்பா படுத்துத் தரையைப் பார்த்தார். எண்ணெய் சொட்டவில்லை. பெரியப்பாதான் கண்டுபிடித்தார்: “தரை சரிவா இருக்குல்லா! பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கிட்டு. சமதரைக்குக் கொண்டு போவச் சொல்லுதான்.” அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது துபாய்க்காரரின் சொல் ஆயிற்றே. சந்திலிருந்த ஆண்களைக் கூப்பிட்டு, காரைத் தள்ளி, முனையில் பொதுக்குழாயடிச் சிமெண்ட் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதுவரை காலாவுக்குள் இருந்த அவமானம் இப்போது வெயிலில் எல்லோரும் பார்க்க நின்றது. அப்பா சாவியைத் திருப்பினார்.

‘டிக்’.

“அரே பாய், இசே டாக்சி மே டால் கே லே ஜாவ்” என்று, காரை டாக்சியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோகச் சொல்லி, தண்ணீர் பிடிக்க நின்ற ஒருவன் இந்தியில் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

“படிச்ச பிள்ள சொல்லிச்சே!” என்றார் பெரியப்பா.

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மறுபடியும் என் கையில் கொடுத்தார். “சார், நவ் கிரவுண்ட் இஸ் ஃபிளாட்” என்றேன். மறுமுனையில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்பீக்கரில் அது குழாயடி முழுக்கக் கேட்டது. நான் போனை அணைத்துவிட்டேன்.

அணைத்த பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மணி ஆகிக்கொண்டிருந்தது, சேட் கிளம்பியிருப்பார். அப்பா திட்டுவார் என்று நின்றேன். அவர் போனை வாங்கி அந்த நம்பரைத் தானே அழுத்தினார். உதடு மட்டும் சத்தமில்லாமல் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டது.

“ஹலோ சார்” என்றார். “மை டாட்டர். ஸ்மால். ஸ்லோ... ப்ளீஸ்.”

சிரிப்பு நின்றது. அந்த மனிதர் இப்போது ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். நான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். தடியான கறுப்பு வயர். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போவது. இரும்பு இரும்பைத் தொடவேண்டும்.

“எர்த்து!” என்று அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். “எர்த்தல்லா சொல்லுதான்! எர்த்துன்னு சொன்னா என்ன அவனுக்கு?”

எர்த் என்றால் பூமி என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பூமிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்பு வயர் இருப்பதை எந்த டீச்சரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்பா அந்த வயரின் போல்ட்டைக் கழற்றினார். அடியில் இரும்பே தெரியவில்லை; வெள்ளிநிறம்தான் அழகாக மின்னியது. பெயின்ட்டுக்கு மேலேயே வயரை வைத்து இறுக்கியிருந்தார்கள். மின்சாரம் போக வழியில்லாமல்தான் அந்த மெல்லிய கேபிளில் பாய்ந்து அதைச் சுட வைத்திருக்கிறது. யாரும் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அவரே உப்புத்தாளை எடுத்துவந்து, குனிந்து, தான் அடித்த பெயின்ட்டைத் தானே சுரண்டினார். இரும்பு தெரிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் சுரண்டினார்.

அடுத்த முறை சாவியைத் திருப்பியபோது குழாயடியில் இருந்த குடங்கள் அதிர்ந்தன. சிரித்தவர்களே விசிலடித்தார்கள். சேட் வந்தார், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பாண்டுப் என்ற சொல்லை அதன்பின் நாங்கள் ரயில் அறிவிப்பில் மட்டுமே கேட்டோம்.

எனக்கு அன்று இரவு வரை அப்பாவின்மேல் கோபம். ஐந்தாம் வகுப்பில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியவளை இத்தனை பேர் முன்னால் ‘ஸ்மால்’ என்று சொல்லிவிட்டாரே என்ற கோபம். அவர் உதடு அசைந்தது காரை நினைத்துச் சாமியை வேண்டி என்றுதான் எண்ணிக்கொண்டேன். என் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, “கையெல்லாம் கிரீஸா இருக்கு, நீயே போ” என்று அம்மாவை உள்ளே அனுப்புவார். யாராவது இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அப்படிப்பட்ட அப்பாதான் சந்து முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில், சொந்த அண்ணன் பார்க்க, தன்னிடம் இருந்த மொத்த இங்கிலீஷையும் எடுத்துப் பேசினார். நான் அணைத்த போனில், நான் பயந்த சிரிப்புக்கு எதிரில். இது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

போன மாதம் ஜெர்மனியில் இருக்கும் ஒரு கார் தொழிற்சாலையின் பயிற்சிக்காக எனக்கு வீடியோ அழைப்பில் நேர்காணல் நடந்தது. மின்பொறியியல் பட்டம் கையில் இருக்கிறது. ஜெர்மன் மொழிதான் தாதரில் மாலை வகுப்பில் படித்த அளவு. திரையில் இருந்தவர்கள் கேட்ட இரண்டாவது கேள்வியே எனக்குப் புரியவில்லை. அழைப்பை அணைக்கும் பொத்தான் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவர்கள் மொழியிலேயே கேட்டேன். வினைச்சொல் தப்பான இடத்தில் போய் விழுந்தது எனக்கே தெரிந்தது. ஒருவர் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

நேற்று பாஸ்போர்ட்டை விசாவுக்குக் கொடுத்துவிட்டேன்.