கூஜாவின் கழுத்துக்குள் ஓர் ஒட்டகம்

எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் மர்சூக்கைப் போல மண்கூஜா செய்பவனும் இல்லை, வாயில்லாப் பூச்சியும் இல்லை. யார் திட்டினாலும் தலையாட்டிக்கொண்டு நிற்பான். பிறகு கூஜாவின் கழுத்துக்குள், ஈ எறும்பு விழாமல் வைக்கிற களிமண் சல்லடையில், திட்டியவரை ஒரு மிருகமாகச் செதுக்கிவிடுவான். குனிந்து உள்ளே பார்த்தால்தான் அது தெரியும். அவன் மனைவி ஜவ்ஹராவும் நன்றாகச் செதுக்குவாள். நான் எதிர்க்கடையில் பேரீச்சம்பழம் விற்கிறேன். விற்பதைவிடத் தின்பது அதிகம் என்று ஊரார் பொறாமையில் சொல்வார்கள்.

போன வாரம் சந்தை அதிகாரி மர்சூக்கை நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். உடனே தொங்கிய உதடும் தலைப்பாகையுமாக ஓர் ஒட்டகம் பிறந்தது. சூளையிலிருந்து அது வந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் மர்சூக் வெளியே போயிருந்த நேரத்தில் ஜவ்ஹரா அதே கூஜாவை அதிகாரி வீட்டு வேலைக்காரிக்கு விற்றுவிட்டாள்.

“அடிப்பாவி, அதையா குடுத்த? கடையை இழுத்து மூடிடுவாரே!”

“திட்டும்போதே நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தா இந்த வினை வருமா?”

வேறொரு கூஜாவை இடுக்கிக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு மர்சூக் அதிகாரி வீட்டுக்கு ஓடினான்.

“ஐயா, அந்தக் கூஜாவுல கீறல் இருக்குங்க. மாத்திக்குடுக்க வந்தேன்.”

“கீறலா? எங்கே?”

அதிகாரி கூஜாவைச் சாய்த்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் உதடு இன்னும் கொஞ்சம் தொங்கியது. மர்சூக் என் கையை நசுக்கினான்.

“அடப்பாவி!” என்று தொடையில் தட்டினார். “என் மச்சானை எங்கடா பார்த்தே? அதே உதடு, அதே திமிரு! இதைத் தர மாட்டேன், போ!”

திரும்பி வரும் வழியெல்லாம் மர்சூக் சிரித்தான். “சொந்த மூஞ்சியே தெரியலையே அண்ணே அந்த ஆளுக்கு!”

வீட்டில் ஜவ்ஹரா அவன் தினமும் தண்ணீர் குடிக்கும் கூஜாவை நீட்டினாள். அவன் குடிக்குமுன் எனக்கும் உள்ளே காட்டினான். தலை கவிழ்ந்து, அலகை இறுக மூடிய ஒரு வாத்து.

“இவ செதுக்கினது. யாருன்னு சொல்லவே மாட்டேங்கிறா. நம்ம தெரு எண்ணெய்க்காரன்தானே?”

“அவனேதான். பேசாம குடிங்க” என்று ஜவ்ஹரா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பாவம் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஜவ்ஹரா பெருநாளுக்குச் சும்மா கொடுத்த கூஜாவை எடுத்துச் சாய்த்தேன். உள்ளே இரண்டு கன்னமும் உப்ப எதையோ மென்றுகொண்டிருந்தது ஒரு குரங்கு.

இத்தனை நாளும் அதை நானும் எண்ணெய்க்காரன் என்றுதான் நினைத்திருந்தேன்.